இரண்டாவது பொட்டலம்

சிங்கப்பூரில் கம்பெனிகள் நடத்தும் ஆண்டு விருந்துகளில், அடுத்தவர் மனதில் இருப்பதைச் சொல்லிக்காட்டிப் பல வருஷம் பிழைத்தேன். மேடையை விட்டு இறங்கியதும் யாராவது ஒருவர் கையைப் பிடித்துக்கொண்டு, "நிஜமாகவே மனதைப் படிக்கிறீர்களா?" என்று கேட்பார். சிரித்து மழுப்பிவிடுவேன். அவர்களுக்குச் சொல்லாததை இங்கே சொல்கிறேன். மனதைப் படிக்க யாராலும் முடியாது. முகத்தைப் படிக்கலாம், கையைப் படிக்கலாம். எழுதியதைத் தெரியாமல் பார்த்துக்கொள்ளலாம். நாம் நினைத்ததையே ஒருவரை எடுக்க வைத்துவிட்டு, அவராக விரும்பி எடுத்ததுபோல் நம்பவைக்கலாம். இந்தக் கடைசி வித்தையை நான் கற்றுக்கொள்வதற்கு முன்பே என்மேல் செய்துகாட்டிவிட்டார்கள். கோயம்புத்தூரில், ஒரு கோயிலில், பட்டப்பகலில். அதற்குப் பழிவாங்க வேண்டும் என்பதுதான் எனக்கு இருந்த ஒரே வேலை. மற்றதெல்லாம் வயிற்றுப்பாட்டுக்குச் செய்தது.

தொண்ணூறுகள் தொடங்கியபோது கோயம்புத்தூரில் கணபதி என்கிற பகுதிக்கு அந்தப்பக்கம் ஒரு பம்பு கம்பெனியில் ஸ்டோர் கீப்பராக இருந்தேன். அப்பாவுக்குத் தொண்டாமுத்தூர்ப் பக்கம் ஒன்றேகால் ஏக்கர் தோப்பு. தென்னையும் இடையில் கொஞ்சம் காய்கறியும். மலையிலிருந்து யானை இறங்கினால் அந்த வருஷம் காய்கறி இல்லை. அம்மா நான் பள்ளிக்கூடத்தில் படிக்கும்போதே இறந்துவிட்டார். என்னை ஐ.டி.ஐ. படிக்கவைத்து, முதலாளியிடம் கூட்டிக்கொண்டு போய் நிறுத்தி, "உங்க பையனாட்டப் பாத்துக்குங்க" என்று சொல்லிவிட்டு வந்தவர் அப்பாதான்.

முதலாளி நல்ல மரியாதைக்காரர். லாரி கிளீனரைக்கூட 'வாங்க, போங்க' என்றுதான் பேசுவார். எங்கள் ஊரில் மரியாதைக்குப் பஞ்சமே கிடையாது. ஒருவன் கழுத்தை வெட்டுவதாக இருந்தாலும், "கொஞ்சம் தலையச் சாய்ச்சுக்குங்க" என்று கேட்டுக்கொண்டுதான் வெட்டுவார்கள்.

அந்த வருஷம் கம்பெனியில் புது மாதிரி பம்பு ஒன்று போடுவதாக இருந்தார்கள். அதற்கான வரைபடமும், வார்ப்புக்கு வேண்டிய மரப் பேட்டர்னும் என் ஸ்டோரில், பீரோவில் பூட்டியிருந்தன. சாவி ஒன்று என்னிடம், இன்னொன்று ஆபீஸில். ஒரு மாதம்கூட ஆகவில்லை, ரோட்டுக்கு அந்தப்பக்கம் இருந்த வேறொரு பவுண்டரியில் அச்சு அசலாக அதே பம்பு வார்ப்பாகி வெளியே வந்துவிட்டது. யாரோ வரைபடத்தைக் கொடுத்திருக்கிறார்கள். ஆபீஸ் சாவியை வைத்திருந்தது முதலாளியின் மச்சினன், அதாவது அவர் மனைவியின் தம்பி. அவரை யார் கேட்பது? எல்லோர் கண்ணும் என்மேல் விழுந்தது. பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்று சும்மாவா சொன்னார்கள்.

போலீசுக்குப் போனால் கம்பெனி பேர் கெட்டுப்போகும் என்றார் முதலாளி. "நம்ம கருப்பராயங்கிட்டயே கேட்டுப்போடலாமுங்க. மனுசன் சொன்னா தப்பிருக்கும். சாமி சொன்னா தப்பிருக்காதில்லீங்க?"

கம்பெனி வளாகத்திலேயே கருப்பராயன் கோயில் ஒன்று இருந்தது. சாமியிடம் கேட்பது எங்கள் பக்கத்தில் வழக்கம். பெண் பார்க்கப் போவதா, கிணறு வெட்டுவதா, பங்காளியோடு சேர்வதா, எதுவாக இருந்தாலும் பூப்போட்டுக் கேட்பார்கள். ஒரு பொட்டலத்தில் வெள்ளைப் பூ, இன்னொன்றில் செவ்வரளி. இரண்டையும் ஒரே மாதிரி மடித்து சாமி முன்னால் வைத்து, கும்பிட்டுவிட்டு ஒன்றை எடுக்க வேண்டும். எந்தப் பூவுக்கு என்ன அர்த்தம் என்று முன்னாலேயே பேசிவைத்திருப்பார்கள். இதில் இன்னொரு கட்டுப்பாடும் எங்கள் கம்பெனிக் கோயிலில் உண்டு. எடுக்காமல் விட்ட பொட்டலத்தை யாரும் பிரித்துப் பார்க்கக் கூடாது. பார்த்தால் சாமியைச் சந்தேகப்பட்டதாகிவிடும். அப்படியே கொண்டுபோய்க் கிணற்றில் போட்டுவிடுவார்கள்.

வெள்ளிக்கிழமை காலையில் கம்பெனியே கோயிலுக்கு முன்னால் நின்றது. அப்பாவுக்கு ஆள் அனுப்பி வரவழைத்திருந்தார்கள். முதலாளியின் மச்சினன் பித்தளைத் தட்டில் இரண்டு பொட்டலத்தையும் ஏந்திக்கொண்டு ஆபீஸிலிருந்து வந்தார். பூசாரி தட்டை வாங்கி சாமி காலடியில் வைத்தார். வெள்ளை வந்தால் நான் எடுக்கவில்லை, சிவப்பு வந்தால் எடுத்தேன் என்று பேச்சு. என்னையே எடுக்கச் சொன்னார்கள். எனக்குத் துளி பயம்கூட இல்லை. எடுக்காதவனுக்கு என்ன பயம்? வலதுபக்கம் இருந்ததை எடுத்துப் பிரித்தேன். அரளி.

அந்தப் பூவைக் கையில் வைத்துக்கொண்டு நான் அப்பாவைத்தான் பார்த்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. முதலில் சாமியைக் கும்பிட்டார். அப்புறம் முதலாளியைக் கும்பிட்டு, "சாமி சொன்னதுக்கு மேல நான் என்னத்தச் சொல்றதுங்க" என்றார். நான் எடுக்கவில்லை என்று கத்தினேன். அப்பா காலில் விழுந்து சொன்னேன். காலை நகர்த்திக்கொண்டார். முதலாளி என் தோளைத் தொட்டுத் தூக்கி, "ஒண்ணும் மனசுல வெச்சுக்காதீங்க தம்பி, போயிட்டு வாங்க" என்று வழியனுப்பினார். நான் வீட்டுக்குப் போய்ச் சேரும் முன்பே என் டிரங்குப் பெட்டி வாசலுக்கு வெளியே இருந்தது.

கோயம்புத்தூர் ஜங்ஷனில் தெரிந்தவர்கள் கண்ணில் படுமே என்று போத்தனூருக்குப் போய் மெட்ராஸ் ரயில் ஏறினேன். அங்கே ஒரு வருஷம் கப்பல் பட்டறையில் கூலி வேலை, பிறகு ஓர் ஏஜென்ட் மூலமாகச் சிங்கப்பூர். அங்கேயும் ஸ்டோர் வேலைதான். ஊரில் எனக்கு ஒரு தங்கையோ தம்பியோ கிடையாது. விட்டு வந்தது ஒரே ஒருவரை. அவர் என்னைத் திருடன் என்று நினைத்துக்கொண்டே செத்துப்போய்விடுவாரோ என்பதுதான் நான் தினமும் படுக்கும்போது நினைத்த விஷயம்.

வித்தைக்கு வந்தது எப்படி என்று கேட்டால், ஆத்திரத்தில்தான். திருட்டுப்பட்டம் வாங்கியவனுக்கு ஒரு பழக்கம் வந்துவிடும். யார் என்ன நினைக்கிறார்கள் என்று எல்லோருடைய முகத்தையும் பார்த்துக்கொண்டே இருப்பான். எங்கள் விடுதியில் பதினாறு பேர். யார் பொய் சொல்கிறான், யாருக்கு ஊரிலிருந்து கெட்ட சேதி வந்திருக்கிறது, யார் சீட்டில் ஏஸ் வைத்திருக்கிறான் என்றெல்லாம் சொல்லிவிடுவேன். விளையாட்டாகச் சொல்லிக்கொண்டிருந்ததைக் கம்பெனியின் ஆண்டு விருந்தில் செய்யச் சொன்னார்கள். அங்கே வந்திருந்த ஒரு சீனர் விருந்து நிகழ்ச்சிகளுக்கு ஆள் பிடித்துக் கொடுக்கும் ஏஜென்ட். கறுப்புக் கோட்டு தைத்துப் போட்டுக்கொள், தாடி வளர், இந்தியாவிலிருந்து வந்த மனம் படிக்கும் ஞானி என்று சொல்லிவிடலாம் என்றார். தொண்டாமுத்தூரில் தேங்காய் பொறுக்கியவன் ஞானியானது இப்படித்தான்.

வேலையைப் பற்றிப் பெருமையாகச் சொல்ல ஒன்றுமில்லை. ஹோட்டல் விருந்துக்கூடத்தில் ஐநூறு பேர் சாப்பிட்டுக்கொண்டிருப்பார்கள். மீனுக்கும் நூடுல்ஸுக்கும் நடுவில் இருபது நிமிஷம் எனக்கு. அதற்கு முன்னால் ஒரு மணி நேரம் வாசலில் நிற்க வேண்டும். "குலுக்கலுக்காக ஒரு நண்பர் பெயரை எழுதுங்கள்" என்று அட்டையை நீட்டுவேன். அட்டைக்கு அடியில் கார்பன் தாள் இருக்கும். கழிப்பறையில் கை கழுவிக்கொண்டு நின்றால் பாதிக் கம்பெனியின் ரகசியம் காதில் விழும். அதையெல்லாம் மேடையில் கண்ணை மூடிக்கொண்டு, நெற்றியைத் தடவிக்கொண்டு திருப்பிச் சொன்னால் கைதட்டுவார்கள். சில பெண்கள் அழுவார்கள். மேனேஜர்கள் தங்கள் மனதைப் படித்துவிடுவேனோ என்று பயந்து முதல் வரிசையில் உட்காரமாட்டார்கள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் சோறு சாப்பிட்டுக்கொண்டே, பழைய புத்தகக் கடையில் வாங்கிய வித்தைப் புத்தகத்தைப் புரட்டிக்கொண்டிருந்தேன். உறைகளில் ஒன்றை எடுக்கச் சொல்லி, அதில் என்ன இருக்கிறது என்று முன்கூட்டியே சொல்லும் வித்தை ஒன்று அதில் இருந்தது. ரகசியம் ஒரே வரி. எல்லா உறையிலும் ஒரே சீட்டைத்தான் வைக்க வேண்டும். மீதி உறைகளை யாரும் பிரிக்காமல் பார்த்துக்கொள்வதுதான் சாமர்த்தியம் என்று எழுதியிருந்தது.

கையில் பிசைந்த சோறு அப்படியே இருந்தது. கிணற்றில் போன அந்த இரண்டாவது பொட்டலம் என் கண்ணுக்குள் வந்து நின்றது. அதிலும் அரளிதான் இருந்திருக்கிறது! நான் இடதுபக்கத்தை எடுத்திருந்தாலும் திருடன்தான். அவ்வளவு படித்த முதலாளி, அவ்வளவு தொழிலாளிகள், பூசாரி, என் அப்பா, ஒருவருக்குக்கூட அதைப் பிரித்துப் பார்க்கத் தோன்றவில்லை. எங்கள் ஊர்க்காரர்களைத் தவிர வேறு யாராக இருந்தாலும் பிரித்துப் பார்த்திருப்பார்கள்.

தட்டை ஏந்தி வந்தவர் மச்சினன். வரைபடத்தை விற்றவரும் அவராகத்தான் இருக்கும் என்று எனக்கு எப்போதுமே எண்ணம். ஆகவே பொட்டலம் மடித்ததும் அவரே என்று அன்றைக்கு முடிவு கட்டினேன். முதலாளியையும் சேர்த்து முட்டாளாக்கியிருக்கிறான் பாவி. அதன்பிறகு ஐந்து வருஷம் அந்த ஆளை நான் மனதுக்குள் என்னவெல்லாம் செய்தேன் என்று எழுதினால் அச்சில் ஏற்றமாட்டார்கள். மேடையில் யாராவது தடித்த கழுத்துக்காரர் வந்து நின்றால் அவரை மச்சினனாக நினைத்துக்கொண்டு, கூட்டம் சிரிக்கும்படி மட்டம் தட்டுவேன். அப்பாவுக்கு இதையெல்லாம் எழுதினேன். பதில் இல்லை. எழுத்தில் சொன்னால் நம்பமாட்டார். சாமிக்கு எதிராக ஒரு திருடனின் கடிதம் எடுபடுமா? முதலாளியே வந்து சொன்னால்தான் நம்புவார் என்று எனக்குத் தெரிந்திருந்தது.

நான் ஊரை விட்டு வந்த எட்டாவது வருஷம் ஏஜென்ட் போன் செய்தார். கோயம்புத்தூரிலிருந்து ஒரு பம்பு கம்பெனி, விற்பனையில் முந்திய அறுபது டீலர்களைக் குடும்பத்தோடு சுற்றுலா கூட்டிவருகிறது. விருந்துக்குத் தமிழ் பேசும் வித்தைக்காரர் வேண்டும். கம்பெனி பெயரைச் சொன்னார். சம்பளத்தைச் சொல்லும் முன்பே சரி என்றேன்.

மச்சினன் கழுவுற மீனில் நழுவுற மீனாகப் போய்விடக் கூடாதே என்று ஒரு வாரம் தயார் செய்தேன். எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பின் ஓரத்தில் அரளிச் செடி ஒன்று வளர்ந்து கிடந்தது. அன்று சாயந்திரம் நான்கு பூப் பறித்துத் தமிழ்ப் பேப்பரில் இரண்டு பொட்டலமாக மடித்துக் கோட்டுப் பையில் வைத்துக்கொண்டேன்.

வாசலில் அட்டையோடு நின்றேன். பட்டுப்புடவைக்குக் கீழே கேன்வாஸ் ஷூ போட்ட அம்மணிகள், கைப்பையில் பருப்புப்பொடி டப்பா, "ஏனுங்க, இங்க தயிர் சோறு கெடைக்குமுங்களா?" என்று சீனப் பரிமாறுபவரையே கேட்கும் டீலர்கள். எட்டு வருஷமாகக் கேட்காத பேச்சு காதில் விழுந்து கண் கலங்கியது. ஆனால் மச்சினன் கழுத்தில் சங்கிலி தெரிய உள்ளே வந்ததும் கண்ணீர் காய்ந்துவிட்டது. இப்போது கம்பெனியின் டைரக்டராம். மனைவியோடு வந்த முதலாளி தலை நரைத்திருந்தார். என் எதிரில் நின்று அட்டையில் பெயர் எழுதிக் கொடுத்தார். தாடிக்குப் பின்னால் இருந்த என்னை அவருக்கு அடையாளம் தெரியவில்லை. "நீங்க நம்மூருப் பக்கமுங்களா?" என்று கேட்டார். ஆமாங்க என்றேன்.

முதல் பத்து நிமிஷம் வழக்கமான வேடிக்கைகள். அந்தியூர் டீலர் ஒருவரை எழுப்பி, ஒரு மிருகத்தை நினைத்துக்கொள்ளச் சொன்னேன். "குதிரைதானுங்களே?" என்றேன். மனிதர் வாயைப் பிளந்தார். அந்தியூர்க்காரர் வேறு எதை நினைப்பார்? ஆடி மாதச் சந்தைக்கு ஊர் முழுக்கக் குதிரை வருவதைப் பார்த்து வளர்ந்தவர். காங்கேயத்துக்காரராக இருந்திருந்தால் காளை என்றிருப்பேன். கூட்டம் என் கைக்குள் வந்தது.

பிறகு பொட்டலங்களை எடுத்துத் தட்டில் வைத்தேன். "நம்மூர்ல பூப்போட்டுக் கேக்கறதுண்டில்லீங்களா?" என்றதும் அறுபது குடும்பமும் சட்டென்று அமைதியாகிவிட்டது. சில பெண்கள் ஷூவைக்கூடக் கழற்றினார்கள். முதலாளியை மேடைக்குக் கூப்பிட்டேன். "ஒரு கம்பெனியில ஒரு பொருள் களவு போச்சுன்னு வெச்சுக்குங்க. ஒருத்தன் மேல சந்தேகம். வெள்ளை வந்தா அவன் எடுக்கலை. அரளி வந்தா எடுத்துட்டான். ஒண்ணை எடுங்க பார்க்கலாம்."

அவர் மேடையேறித் தட்டுக்கு முன்னால் வந்து நின்றார். என் முகத்தை அப்போதுதான் நன்றாகப் பார்த்தார். ஒன்றை எடுத்துப் பிரித்தார். அரளி. கூட்டம் 'அய்யோ' என்றது. நான் மைக்கைக் கூட்டத்தின் பக்கம் திருப்பி, "அப்ப இன்னொரு பொட்டலத்துல என்னங்க இருக்கும்?" என்று கேட்டேன். மச்சினனின் முகத்திலேயே என் கண் இருந்தது. இந்த நிமிஷத்துக்காகத்தான் நான் காத்திருந்தேன். அவன் முகம் வெளிறுவதை அறுபது டீலர்களும் பார்க்க வேண்டும்.

எங்கள் தொழிலில் ஒரு பால பாடம் உண்டு. பதில் தெரியாத ஆளிடம் கேள்வி கேட்டால் அவர் பக்கத்தில் இருப்பவரைப் பார்ப்பார், சிரிப்பார், ஏதோ ஒன்றைச் சொல்வார். பதில் தெரிந்தவர்தான் பொருளைப் பார்ப்பார். மச்சினன் தன் மனைவியைப் பார்த்துச் சிரித்தான். "வெள்ளைதானுங்க, இதுல என்ன கேள்வி?" என்று சத்தமாகச் சொன்னான். அவன் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. பொட்டலத்தைப் பற்றி அவனுக்கு ஒன்றுமே தெரியாது.

நான் திரும்பினேன். முதலாளி தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். உள்ளங்கையை இரண்டாவது பொட்டலத்தின்மேல் வைத்து மூடியிருந்தார். மைக்கில் விழாத குரலில், "அதுலயும் அரளிதானுங்க தம்பி. பிரிக்க வேண்டாமுங்க" என்றார்.

ஐந்து வருஷம் தப்பான ஆளைத் திட்டிக்கொண்டிருந்திருக்கிறேன். அதுவும் மனதைப் படிக்கிறவன் என்று பேர் வைத்துக்கொண்டு! உடம்பெல்லாம் எரிந்தது. அவர் கையை எடுத்து அப்பால் வைத்துவிட்டு, பொட்டலத்தைப் பிரித்து எல்லோருக்கும் காட்டினேன். "முதலாளி சரியாச் சொல்லிப்போட்டாருங்க. இதுவும் அரளிதான்" என்றேன். கூட்டம் எழுந்து நின்று கைதட்டியது. என் வாழ்க்கையில் அவ்வளவு பெரிய கைதட்டு வாங்கியதில்லை. எல்லாம் வேடிக்கை என்று நினைத்துவிட்டார்கள். முதலாளியும் வித்தைக்காரர்தான் என்று மச்சினன் எழுந்து கத்தினான்.

விருந்துக்கூடத்துக்கு வெளியே லிப்ட் பக்கத்தில் அவர் எனக்காக நின்றிருந்தார்.

"ஏப்பா, நீயா?"

"நான்தானுங்க." இத்தனை ஆத்திரத்திலும் வாயில் அந்த 'ங்க' வந்தது எனக்கே எரிச்சலாக இருந்தது.

"ஆபீஸ் ரூம்ல பொட்டலத்தை நான்தான் மடிச்சேன். அவன் தட்டை எடுத்துட்டு வந்ததோட சரி. வரைபடத்தைக் கொடுத்தது அவன்தான்னு எனக்கு முன்னமே தெரியும். அவனைக் காட்டிக்கொடுத்தா என்ற சம்சாரம் பொறந்த ஊட்டுக்குப் போயிருப்பா. என்ற குடும்பம் நின்னிருக்காது. யாராச்சும் ஒருத்தன்மேல போட்டுத்தான் ஆகணும். உனக்கு வயசிருந்துது, எங்கயாச்சும் பொழைச்சுக்குவேன்னு நெனச்சேன்." என் கோட்டைப் பார்த்தார். "நல்லாத்தான பொழைச்சிருக்கறே."

"உங்க மச்சினனுக்கு நீங்க மடிச்சது தெரியாதுங்களா?"

"தெரியாது. சாமிதான் தன்னைக் காப்பாத்திருச்சுன்னு வருசாவருசம் கருப்பராயனுக்குக் கிடாய் வெட்டறான்."

எனக்குச் சிரிப்பு வந்தது, அடுத்த நொடியே அவரை லிப்ட் கதவோடு வைத்து அறையலாம் என்றும் தோன்றியது. அவரோ இதமாகப் பேசத் தொடங்கினார். சிங்கப்பூருக்கு ஒரு ஏஜென்ஸி போடலாம், அதை எனக்கே கொடுத்துவிடலாம் என்றார். நான் அவர் சட்டைப் பொத்தானைப் பிடித்தேன்.

"எனக்கு ஒண்ணும் வேண்டாமுங்க. தொண்டாமுத்தூருக்கு வந்து எங்கப்பன் முன்னால நின்னு, உங்க வாயால சொல்லுங்க. நான் பக்கத்துல நிப்பேன். முடியாதுன்னா இப்பவே உள்ள போயி மைக்கைப் புடிக்கறேன். அறுபது டீலர், உங்க சம்சாரம், உங்க மச்சினன். எல்லாரும் தயிர் சோறு சாப்பிட்டுட்டுத்தான் இருக்காங்க."

உள்ளே சிரிப்புச் சத்தம் கேட்டது. அவர் அந்தப் பக்கம் ஒரு தடவை பார்த்தார். "வாரேன்" என்றார்.

எந்த நாளில் வருகிறேன் என்று அப்பாவுக்கு ஒரு வரி எழுதிப்போட்டுவிட்டு, அடுத்த மாதம் லீவு எடுத்து ஊருக்குப் போனேன். பேசிவைத்த நாளில், காலை பத்து மணிக்கு முதலாளியின் கார் தோப்புத் தடத்தில் வந்து நின்றது. அவர் சொல்லி முடிக்கட்டும், பிறகு உள்ளே போகலாம் என்று நான் முன்னாலேயே வந்து வேலியோரம் நின்றிருந்தேன். அப்பா காய் உரித்துக்கொண்டிருந்தார். மிகவும் ஒடுங்கிப்போயிருந்தார். காரைப் பார்த்ததும் கையிலிருந்த காயைப் போட்டுவிட்டு ஓடி வந்து கும்பிட்டார். பிறகுதான் என்னைப் பார்த்தார். கயிற்றுக்கட்டிலை இழுத்து முதலாளிக்குப் போட்டார்.

முதலாளி உட்காரவில்லை. அவரைக் குறை சொல்ல மாட்டேன், சொல்ல வேண்டியதைச் சுருக்கமாகச் சொன்னார். "ரெண்டு பொட்டலத்துலயும் நான்தான் அரளியை வெச்சேனுங்க. உங்க பையன் எடுக்கலீங்க. தப்பு என்ற மேலதானுங்க." கையெடுத்துக் கும்பிட்டார். அவ்வளவு பெரிய மனிதர் ஒரு தோப்புக்காரர் முன்னால் தலை குனிந்து நின்றதைக் கண்ணாரப் பார்த்தேன். இதற்காகத்தான் எட்டு வருஷம் உயிரோடு இருந்தேன் என்று நினைத்தேன். நெஞ்சு நிறைந்தது. அப்பா இப்போது என் பக்கம் திரும்புவார், என் கையைப் பிடிப்பார் என்று காத்திருந்தேன்.

அப்பா முதலாளியைத்தான் பார்த்தார். "அப்படீன்னா சாமி தப்பாச் சொல்லலீங்களே?"

"இல்லீங்க. சாமி மேல ஒண்ணுமில்லீங்க. எல்லாம் நான் பண்ணுனது."

அப்பாவின் கண்ணில் தண்ணீர் கட்டிவிட்டது. கோயில் இருக்கும் திசையைப் பார்த்துக் கும்பிட்டார். "அது போதுமுங்க. எட்டு வருசமா அதை நெனச்சுத்தான் எனக்குச் சோறு எறங்கலை. சாமி எப்படித் தப்பாச் சொல்லும், சொல்லாதேன்னு மனசுக்குள்ள போட்டு உருட்டிட்டே கெடந்தேனுங்க." ஓடிப்போய் இரண்டு இளநீர் வெட்டிக்கொண்டு வந்து, முதலாவதை முதலாளியிடம் நீட்டினார். அவர் நின்றபடியே குடித்துவிட்டு, என் தோளைத் தட்டிவிட்டு, காரில் ஏறிப் போனார்.

இரண்டாவது இளநீர் அப்பா கையில் இருந்தது. என்னிடம் நீட்டினார். நான் வாங்கவில்லை.

"சாமி பொய் சொல்லலைன்னு இன்னிக்குத் தெரிஞ்சுது. சரி. நான் பொய் சொல்லலைன்னு எப்ப தெரிஞ்சுதுங்கப்பா?"

அவருக்குக் கேள்வியே புரியவில்லை. "அது எனக்கு அன்னிக்கே தெரியுமே கண்ணு. நீ எடுக்கமாட்டே. பெத்தவனுக்குத் தெரியாதா?"

"தெரிஞ்சுமா பொட்டியைத் தூக்கி வெளிய வெச்சீங்க?"

"சாமி சொல்லிப்போட்டுதே கண்ணு. அதுக்கு எதுக்க நின்னு எப்படிப் பேசறது?" மழை ஏன் மேலிருந்து பெய்கிறது என்று கேட்ட குழந்தைக்குச் சொல்வதுபோல் பொறுமையாகச் சொன்னார். என் கடிதங்களை எல்லாம் பெட்டியில் பத்திரமாக வைத்திருப்பதாகவும் சொன்னார். "வா, குளிச்சுப்போட்டுச் சாப்பிடு. உனக்குன்னு கொள்ளுப் பருப்பு கடைஞ்சிருக்கறேன்." பேசிக்கொண்டே உள்ளே போனார். அவர் நடையில் அவ்வளவு லேசு. எட்டு வருஷப் பாரம் இறங்கிய மனிதர்.

வெயிலில் நின்றுகொண்டிருந்தேன். நான் எடுக்கவில்லை என்று முதலாளிக்குத் தெரியும். அவருக்குக் குடும்பம் நிற்க வேண்டியிருந்தது, அதற்காக ஒரு பொய் சொன்னார். அது அயோக்கியத்தனம்தான், ஆனால் அதில் ஒரு கணக்கு எனக்குப் புரிகிறது. அப்பாவுக்கும் தெரிந்திருக்கிறது. காலில் விழுந்து அழுதபோது, அந்தக் காலை நகர்த்தியபோது, அவருக்குத் தெரிந்தே இருந்திருக்கிறது. முதலாளிமேல் இருந்த கோபம் எங்கே போனதென்றே தெரியவில்லை. தேடிப் பார்த்தேன், இல்லை. அத்தனையும் அந்த வீட்டு வாசலைப் பார்த்துத் திரும்பிவிட்டது. அவரை எனக்கு அடிக்க வேண்டும்போல் இருந்தது. பெற்ற தகப்பனை. இதை எழுதும்போதும் அப்படித்தான் இருக்கிறது.

இலை போட்டாகிவிட்டது, பருப்பு ஆறுகிறது என்று உள்ளிருந்து கூப்பிட்டார். இரண்டு தடவை கூப்பிட்டார். நான் செருப்பை மாட்டிக்கொண்டு, வேலிப் படலைச் சாத்திவிட்டுப் பஸ்ஸுக்கு நடந்தேன்.